சுக்ரே: மணி பார்த்துச் சுற்ற வேண்டிய வெள்ளை நகரம்

மே 21, 2019, செவ்வாய்: அல்கந்தாரி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகரத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் விமானம் சுக்ரேயில் இறங்கிவிடுகிறது. நுரையீரலுக்குத்தான் அந்த அவகாசம் போதவில்லை. சாந்தா குரூஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அல்கந்தாரி விமான நிலையம் 3,100 மீட்டரை ஒட்டியது, சுக்ரே நகரம் 2,800 மீட்டர். பையைத் தோளில் மாட்டி நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கும். லேசான தலைவலியும் வரலாம். முதல் நாள் நிறையத் தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்து, இரவில் சூப்போடு நிறுத்திக்கொண்டால் மறுநாள் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்றைக்கே மதுவைத் தொட்டவர்களுக்குத்தான் தலைவலி இழுத்துக்கொண்டே போகிறது.

பழைய விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. 2016இல் அதை மூடிவிட்டு, 30 கிலோமீட்டர் தள்ளி இதைத் திறந்தார்கள். வாசலில் நிற்கும் டாக்ஸிக்காரர்கள் ஊர் மையத்துக்கு 50, 60 பொலிவியானோ கேட்பார்கள். பக்கத்திலேயே பகிர்வு வேன் நிற்கும், ஆளுக்கு 8 அல்லது 10. இந்த விலைகளும் இனி வரும் விலைகளும் 2019இல் இருந்தவை, எல்லாம் பொலிவியா நாணயமான பொலிவியானோவில். அப்போது ஒரு பொலிவியானோ கிட்டத்தட்ட பத்து ரூபாய், மனக்கணக்குக்கு அதைவிட வசதி வேண்டாம். வேன் நிரம்பினால்தான் கிளம்பும், பை கூரைமேல் போகும். பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் மடியிலேயே இருக்கட்டும்.

பண விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஓரம் கிழிந்த நோட்டை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள், வங்கியில் கொடுத்தாலும் பார்த்து வாங்க வேண்டும். 200 நோட்டைச் சந்தையில் நீட்டினால் சில்லறை இல்லை என்று கைவிரிப்பார்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது நூறு நூறாக வராத தொகையாகக் கேளுங்கள், சின்ன நோட்டுகளும் கலந்து வரும். ஒரு பொலிவியானோ நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பொதுக் கழிப்பறைக்கு அதுதான் கட்டணம், அந்தக் காசுக்கு மடித்த காகிதமும் தருவார்கள். காகிதத்தைக் கோப்பையில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவதுதான் இங்கே வழக்கம். குழாய்கள் குறுகலானவை, போட்டால் அடைத்துக்கொள்ளும்.

தங்கும் விடுதிகள் பலவும் பழைய காலனிக் காலத்து வீடுகள். நடுவே முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், மேலே ஓட்டுக் கூரை. பொதுப் படுக்கை 50 முதல் 70. சுடாத மண்கல் சுவர்கள் நல்ல தடிமன் என்பதால் பகல் வெயில் உள்ளே வராது. அதே காரணத்தால் இரவில் அறை சில்லென்று கிடக்கும், வெப்பமூட்டி எதிர்பார்க்க முடியாது. மே மாதம் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் சமயம். பகலில் 22, 23 டிகிரி இருந்தது சூரியன் இறங்கியதும் மளமளவென்று ஒற்றை இலக்கத்துக்குப் போய்விடுகிறது. இன்னொரு கம்பளி கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

குளியலறையில் ஷவர் தலைக்குள்ளேயே மின் ஹீட்டர் இருக்கும். அதன் சூடாக்கும் திறன் மாறாதது, அதனால் தண்ணீரை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு சூடு வரும். முழுக்கத் திறந்துவிட்டு "வெந்நீர் வரவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். முதலில் குழாயைத் திறந்து, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். ரப்பர் செருப்பு காலில் இருக்க வேண்டும். ஈரக் கையால் ஷவர் தலையையோ அதன் ஒயரையோ தொடவே கூடாது, எர்த் இணைப்பை நம்ப முடியாது.

மே 22, புதன்: காலைப் பலகாரமும் மூடிய கதவுகளும்

இந்த ஊரில் எதையும் தேடிப் போவது சுலபம். பழைய நகரத்தின் குறுக்கே இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். எந்த நேரத்துக்குப் போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதன் முதல் பாடம் சால்தேன்யா, மாவுக்குள் குழம்பை அடைத்து அடுப்பில் சுட்ட பலகாரம்.

சால்தேன்யாவைக் காலை ஒன்பது மணிக்கு மேல் நண்பகலுக்குள் சாப்பிட வேண்டும். அதற்கென்றே இருக்கும் கடைகள் பதினொன்றரைக்குத் தட்டைக் கழுவத் தொடங்கிவிடும். மதியம் ஒரு மணிக்குப் போய்க் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். விலை 6 முதல் 8. மாவில் கொஞ்சம் சர்க்கரை, மேல்பக்கம் பொன்னிறம், ஓரத்தில் கயிறு முறுக்கியது மாதிரி மடிப்பு. உள்ளே மாட்டிறைச்சி அல்லது கோழி, உருளைக்கிழங்கு, பட்டாணி, சீரகம், சிவப்பு மிளகாய் விழுது, ஒரு துண்டு முட்டை, ஒரு ஆலிவ். அந்த ஆலிவில் கொட்டை இருக்கும், பல் பத்திரம்.

உள்ளே இருப்பது பொரியல் மாதிரி உலர்ந்தது அல்ல, குழம்பு. முதல் நாள் இரவே ஜெலட்டின் சேர்த்துக் காய்ச்சிக் குளிர வைப்பதால் குழம்பு கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை மாவில் வைத்து மூடி, நல்ல சூடான அடுப்பில் வைத்தால் மாவு வெந்து இறுகும் நேரத்தில் உள்ளே மறுபடி குழம்பாகிவிடும். நடுவில் கடித்தால் சட்டை நாசம். நிமிர்த்திப் பிடித்து, மேல் முனையில் சின்னதாக ஒரு கடி கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு மேலிருந்து கீழாகச் சாப்பிட வேண்டும். பழகாதவர்கள் சிறு கரண்டி கேட்கலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. சில கடைகளில் காய்கறி சால்தேன்யாவும் உண்டு, ஆனால் அதிலும் ஜெலட்டின் இருக்க வாய்ப்பு அதிகம். சுத்த சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

ரவேலோ தெருவில் இருக்கும் மத்தியச் சந்தை பசித்தவர்களின் புகலிடம். உள்ளே நுழைந்ததும் பழச்சாறு விற்கும் பெண்களின் வரிசை. ஒவ்வொருவரும் பழங்களைக் கோபுரமாக அடுக்கி, அதற்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேராக விலையைக் கேட்பது இங்கே முரட்டுத்தனம். முதலில் "புவெனோஸ் தியாஸ், காசெரீதா" என்று காலை வணக்கம், அப்புறம்தான் பேச்சு. வாடிக்கையாளரை அவர்களும் "காசெரீதோ" என்றே அழைப்பார்கள். ஒரு கோப்பை 6 முதல் 10. குடித்து முடித்த கோப்பையை நீட்டி "யாப்பா" என்றால் ஜாரில் மிச்சமிருப்பதைக் கொசுறாக ஊற்றுவார்கள். ஒரே பெண்ணிடம் தினமும் போனால் கொசுறு அரைக் கோப்பையைத் தாண்டுகிறது. தண்ணீர் சேர்க்க வேண்டுமா, பால் சேர்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். வயிறு இன்னும் பழகாதவர்கள் பால் கேட்கலாம், அல்லது ஆரஞ்சை மட்டும் பிழிந்து வாங்கலாம். ஐஸ் வேண்டாம். குழாய்த் தண்ணீர் எங்கேயும் வேண்டாம்.

மாடியில் சாப்பாட்டுக் கடைகள். மதியச் சாப்பாட்டுக்கு இங்கே "அல்முவெர்சோ" என்று பெயர். ஒரு சூப், ஒரு பெரிய தட்டு, ஒரு பானம், எல்லாம் சேர்த்துச் சந்தையில் 12 முதல் 20. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும், இரண்டு மணிக்கு மேல் கேட்டால் மிச்சம் மீதிதான். சூப்களில் தவறவிடக் கூடாதது நிலக்கடலை சூப். வறுக்காத கடலையை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்து, எலும்புச் சாற்றில் நெடுநேரம் கொதிக்க வைக்கிறார்கள். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாடை அடிக்கும். இந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் எல்லாவற்றுக்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது, சோறுகூட அப்படித்தான். சூப்பின் மேல் குச்சி குச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கும் பொடியாக நறுக்கிய பார்ஸ்லியும் வரும். கிழங்கு ஊறி நமுத்துப் போவதற்குள் சாப்பிட வேண்டும்.

காரம் வேண்டுமென்றால் மேசையில் யாஹ்வா இருக்கும். லொகோதோ மிளகாய், தக்காளி, கிர்கின்யா என்ற வாசனை இலை, உப்பு, இவ்வளவுதான். அரைப்பது "பதான்" என்ற கல்லில். நம் அம்மியின் அடிக்கல்லை இன்னும் அகலமாக்கி, குழவிக்குப் பதில் அரைவட்டக் கல் ஒன்றைப் போட்டால் அதுதான். உருட்டுவதில்லை, இரு முனையையும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்துச் சாய்த்து நசுக்குகிறார்கள். மிக்ஸியில் அடித்த யாஹ்வா நுரைத்து வெளிறிவிடும், கல்லில் அரைத்ததில் தக்காளித் தோல் திப்பி திப்பியாகத் தெரியும். லொகோதோவுக்குக் கறுப்பு விதை. குடைமிளகாய்க் குட்டி மாதிரி சாதுவாகத் தெரியும், காரம் பச்சை மிளகாயைத் தூக்கிச் சாப்பிடும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "சின் கார்னே" என்றால் மாட்டிறைச்சி இல்லாமல் என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள், கோழி வந்துவிடும். "நி கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் ஒவ்வொன்றாக மறுத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் சூப் எலும்புச் சாறுதான். நம்பிச் சாப்பிடக் கூடியவை: இளஞ்சோளத்தை அரைத்துப் பாலாடைக்கட்டி சேர்த்துச் சோள மடலில் பொதிந்து வேகவைக்கும் உமிந்தா, அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும், சீஸ் எம்பனாடா. ஊதாச் சோளத்தில் பட்டை கிராம்பு போட்டுக் காய்ச்சிய சூடான ஆப்பி குளிர் இரவுக்கு அமிர்தம். பக்கத்தில் உப்பிப் பொரிந்த சீஸ் பஸ்தேல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஊர் மூடிக்கொள்கிறது. கடை, அருங்காட்சியகம், பல வங்கிகள் எல்லாமே இரண்டரை வரைக்கும் கதவைச் சாத்திவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது இங்கே இன்னும் உயிரோடு இருக்கும் வழக்கம். பள்ளிச் சீருடையில் பிள்ளைகளும் அலுவலகச் சட்டையில் பெரியவர்களும் ஒரே நேரத்தில் தெருவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு, ஊர் நடுவே "மே 25" என்றே பெயர் கொண்ட சதுக்கத்தில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது சுகம்.

இரண்டரைக்கு சுதந்திர மாளிகை திறந்தது. நுழைவு 15. இது முதலில் ஏசு சபையினரின் பல்கலைக்கழகம், 1624இல் தொடங்கியது. பழைய சிற்றாலயமாக இருந்த மண்டபத்தில்தான் 1825 ஆகஸ்ட் 6 அன்று பொலிவியா தனி நாடாக அறிவிக்கப்பட்டது. விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவாரை ஹோசே கில் தே காஸ்த்ரோ வரைந்த ஓவியம் இங்கே மாட்டியிருக்கிறது. தன்னைத் தத்ரூபமாகக் காட்டுவது இதுதான் என்று பொலிவாரே பாராட்டிய படம். விடுதலைப் போரில் படை நடத்திய ஹுவானா அசுர்துய் என்ற வீராங்கனையின் எச்சங்களும் இங்கே பேழையில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் விளக்கும் வழிகாட்டி எப்போது கிளம்புவார் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கம் இல்லாமல் பார்த்தால் கொடிகளும் நாற்காலிகளும் மட்டுமே தெரியும்.

மே 23, வியாழன்: கால் ஓர்க்கோ, செங்குத்துச் சுவரில் நடந்த விலங்குகள்

கெச்சுவா மொழியில் கால் ஓர்க்கோ என்றால் சுண்ணாம்பு மலை. ஊரிலிருந்து 5 கிலோமீட்டர்தான். இங்கே ஒரு சிமென்ட் ஆலைக்காகப் பாறை வெட்டிக்கொண்டே போனபோது, கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாறைச் சுவர் வெளிப்பட்டது. உயரம் சில இடங்களில் நூறு மீட்டரைத் தொடுகிறது. அதில் 5,000க்கும் மேற்பட்ட டைனோசர் காலடிகள், வயது சுமார் 6.8 கோடி ஆண்டு.

சுவரில் எப்படி நடந்தன என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அன்றைக்கு இது ஏரிக்கரைச் சேறு, சமதளம். ஈரச் சேற்றில் பதிந்த தடம் காய்ந்து, அதன்மேல் அடுத்த வண்டல் மூடி, அப்படியே அடுக்கடுக்காகப் பாறையானது. பின்னாளில் ஆண்டீஸ் மலைகள் எழும்பியபோது அந்த அடுக்குகள் 70 டிகிரிக்கு மேல் சாய்ந்து நிமிர்ந்துவிட்டன. குறிப்பாக இந்த அடுக்கை ஆலை வெட்டாமல் விட்டதற்கு, மக்னீசியம் அதிகமாக இருந்து சிமென்டுக்கு ஆகாமல் போனதே காரணம் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.

இந்தச் சுவரைப் பார்க்க அமைத்திருக்கும் பூங்காவுக்குள் நுழைவு 30, கேமராவுக்குத் தனியாக 5. மேலே பார்வை மேடையிலிருந்து பார்த்தால் தடங்கள் புள்ளிகளாகத்தான் தெரியும், தொலைநோக்கி தேவை. சுவரின் அடிக்கே இறங்கிப் போக வேண்டுமென்றால் பகல் 12 மணிக்கும் 1 மணிக்கும் மட்டுமே குழு கிளம்பும். குவாரி இயந்திரங்கள் மதிய இடைவேளைக்கு நிற்கும் நேரம் அது. பதினொன்றரைக்கெல்லாம் போய்ப் பெயரைச் சொல்லிவிட வேண்டும், இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தவர்கள் மேலேயே நின்று ஏமாறுவார்கள். ஹெல்மெட் தருவார்கள். மூடிய காலணி அவசியம், இறக்கம் சரளைக்கல், செருப்பில் வழுக்கும்.

கீழே நின்று பார்க்கும்போதுதான் கணக்குப் பிடிபடுகிறது. வட்டவட்டமாக அகன்ற பள்ளங்கள் நீண்ட கழுத்துத் தாவர உண்ணிகளுடையவை. மூன்று விரல் பிரிந்த தடம் ஊன் உண்ணியுடையது. ஒரே விலங்கின் தடத்தை 347 மீட்டர் தூரத்துக்குத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். அதற்கு ஆய்வாளர்கள் வைத்த செல்லப் பெயர் ஜானி வாக்கர். மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி அடுக்குகளைப் பெயர்ப்பதுதான் பெரிய ஆபத்து. 2010இல் ஒரு பெரிய பலகை சரிந்து தடங்களோடு போய்விட்டது. சரிந்த இடத்துக்குப் பின்னால் இருந்த அடுக்கிலும் தடங்கள் தெரிந்தன.

போக வர மினிபஸ் போதும், கட்டணம் 1.50. ஏறும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்கிறார்கள். இறங்க வேண்டிய இடம் வரும் முன் "எஸ்கினா, போர் ஃபாவோர்" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் அடுத்த முனையில் நிறுத்துவார்கள். மணி அடிக்கக் கயிறோ பொத்தானோ கிடையாது. தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் இந்த மதிய வெயிலில் போனால் மூக்கும் காது நுனியும் உரிந்துவிடும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவதே தெரியாது.

மே 24, வெள்ளி: கூரை, மேடு, தறி

சான் பெலிப்பே நேரி மடத்தின் மொட்டைமாடி இந்த ஊரின் மிக அழகான இடம், இதை அடித்துச் சொல்வேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மடம், இப்போது பள்ளிக்கூடம். அதனால் பள்ளி விட்ட பிறகு, மதியம் இரண்டரைக்கு மேல்தான் வெளியாட்களை விடுகிறார்கள். வாசல் மூடியிருந்தால் மணியை அடித்துக் காத்திருக்க வேண்டும், காவலர் நிதானமாக வருவார். மேலே தரை முழுக்கச் சுட்ட செங்கல் பாவி, அலையலையாக மேடு பள்ளத்தோடு போகிறது. ஒவ்வொரு மேடும் கீழே இருக்கும் ஒரு வளைகூரையின் முதுகு. துறவிகள் உட்கார்ந்து தியானிக்கச் செங்கல்லிலேயே இருக்கை கட்டியிருக்கிறார்கள். ஐந்து மணியை ஒட்டி வெயில் சாயும்போது நகரத்தின் வெள்ளைச் சுவர்கள் மெல்ல மஞ்சளாகின்றன.

அந்த வெள்ளை சுண்ணாம்பு. பொடோசி மலையில் வெள்ளி எடுத்த முதலாளிகளும் அந்த உயரத்துக் குளிருக்குப் பயந்த அதிகாரிகளும் இங்கே வீடு கட்டினார்கள். 1559இல் ஸ்பானிய அரசு சார்காஸ் நீதிமன்றத்தை இங்கே வைத்தது, பின்னால் பேராயமும் பல்கலைக்கழகமும் வந்தன. லா பிளாதா, சார்காஸ், சுக்கிசாகா, சுக்ரே என்று நான்கு பெயர் எடுத்த ஊர். 1899 உள்நாட்டுப் போரில் தோற்றதால் அரசாங்கம் லா பாஸுக்குப் போய்விட்டது. அரசியல் சட்டப்படி தலைநகர் என்ற தகுதியும் உச்ச நீதிமன்றமும் மட்டும் இங்கே மிஞ்சின. பழைய நகரத்தை 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மையத்தில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்ப்பது அபூர்வம்.

ரெகோலேதா மேட்டுக்குக் காலையில் ஏறுவது நல்லது. 1601இல் பிரான்சிஸ்கன் துறவிகள் அமைத்த மடம் அங்கே இருக்கிறது, எதிரே வளைவுகள் வரிசையிட்ட பார்வை மாடம். ஏற்றம் செங்குத்து, பத்து அடிக்கு ஒருமுறை நின்று போனால் தவறில்லை. தெரு நாய்கள் கூட்டமாகக் குரைத்தால் ஓடக் கூடாது. குனிந்து கல் எடுப்பது மாதிரி பாவனை செய்தாலே விலகிவிடுகின்றன.

நெசவு அருங்காட்சியகத்துக்குப் போகாமல் இங்கே துணி வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான். சுற்றுவட்டாரத்தில் இரண்டு பெரும் பாணிகள். ஹால்கா பெண்கள் நெய்வதில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். சிறகு முளைத்த நான்குகால் பிராணிகள், ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று, மேல் கீழ் என்ற ஒழுங்கே இல்லாமல் மிதக்கும். பக்கத்து ஊரான தராபுகோவின் துணியில் எல்லாம் வரிசை வரிசையாகப் பட்டைகள்: ஏர், குதிரை, நடனம், திருமணம். தறி என்பது சுவரில் சாய்த்த இரண்டு கம்பம், இரண்டு குறுக்குக் கட்டை. பாவு நூலை லாமா எலும்பில் கூராக்கிய விச்சுன்யா என்ற கருவியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். உருவத்துக்கு வரைபடம் ஏதும் எதிரே இல்லை, எல்லாம் நெய்பவரின் தலைக்குள். பெரிய துணி ஒன்று பல மாத வேலை.

வாங்கும்போது நான்கு ஓரத்தையும் பாருங்கள். கைத்தறித் துணியில் நான்கு பக்கமும் நெசவிலேயே முடிந்திருக்கும், வெட்டித் தைத்த விளிம்பு இருந்தால் அது வேறு சரக்கு. பின்பக்கம் திருப்பினால் அதே உருவம் நிறம் மாறித் தெரிய வேண்டும். நூல் பளபளத்தால் செயற்கை இழை. நல்ல கைக்குட்டை அளவுத் துணிக்கே நூற்றுக்கணக்கில் விலை சொல்வார்கள், அந்த உழைப்பைப் பார்த்த பிறகு பேரம் பேச மனசு வராது.

மே 25, சனி

1809இல் இதே நாளில் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த வழக்கறிஞர்களும் மக்களும் சேர்ந்து சார்காஸின் ஸ்பானியத் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ கோயில் மணியை விடாமல் அடித்ததில் மணியே கீறிப்போனது. அந்த மணி இன்னும் அங்கேயே தொங்குகிறது. விடுதலைக்கு அதற்கப்புறம் 16 ஆண்டு போரிட வேண்டியிருந்தது.

மாவட்டம் முழுக்க விடுமுறை. சதுக்கத்தைச் சுற்றி அணிவகுப்பு, பித்தளை வாத்தியக் குழுக்கள், வெள்ளைக் கையுறை போட்ட பள்ளிப் பிள்ளைகள். சதுக்கத்துக்குள் வண்டிகள் விடுவதில்லை, பையோடு வந்து சேர்பவர்கள் நாலைந்து தெரு முன்பே இறங்கி நடக்க வேண்டும். அரசு விழா நடப்பதால் சுதந்திர மாளிகையை முந்தைய நாட்களிலேயே பார்த்து முடித்துவிட வேண்டும். அறை முன்பதிவு இல்லாமல் இந்த வாரம் வரவே கூடாது. தெருவோரத்தில் சுக்கிசாகா சொரிசோ: பன்றி இறைச்சியைக் காரத்தோடு அடைத்து வறுத்து, ரொட்டி, சாலட், யாஹ்வாவோடு தருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையில் நின்றால் போதும், சரக்கு வேகமாகத் தீரும் இடத்தில்தான் எதுவும் புதிதாக இருக்கும்.

மே 26, ஞாயிறு: தராபுகோ சந்தை

ஞாயிற்றுக்கிழமை சுக்ரே வெறிச்சோடிப் போகும், தராபுகோ விழித்துக்கொள்ளும். 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சதுக்கத்திலிருந்து சுற்றுலாப் பேருந்து போக வர 40. ஊர்க்காரர்களின் வேன் அவெனிதா தே லாஸ் அமெரிக்காஸ் சாலையிலிருந்து கிளம்புகிறது, ஒரு வழிக்கு 10. ஏழு மணி வண்டியைப் பிடித்தால் சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கும் முன் ஒரு மணி நேரமாவது சந்தை உங்களுடையது. இங்கே 3,200 மீட்டருக்கு மேல், காலை வெயில் வரும் வரை கை விறைக்கும். கம்பளி உடையைக் கழற்றிப் பைக்குள் வைக்க வசதியாக அடுக்கடுக்காக உடுத்திக்கொள்ள வேண்டும்.

சதுக்கத்தைச் சுற்றி வெளியூர்க்காரர்களுக்கான துணிக் கடைகள். இரண்டு தெரு தள்ளிப் போனால்தான் அசல் சந்தை. பனியில் உறையவைத்து மிதித்துக் காயவைத்த சூன்யோ உருளைக்கிழங்கு கறுப்புக் கூழாங்கல்லாகக் குவிந்து கிடக்கும். கோக்கா இலை மூட்டை மூட்டையாக, கயிறு, கலப்பை இரும்பு, பழைய டயரில் வெட்டிய ஓஹோத்தா செருப்பு. யம்பாரா இன ஆண்கள் தலையில் தோல் மொந்தேரா, பழைய ஸ்பானியப் போர்வீரர்களின் தலைக்கவச வடிவில் செய்தது. தோளில் கோடு போட்ட போஞ்சோ.

படம் எடுப்பதில் இங்கே மிகவும் கவனம் வேண்டும். கேட்காமல் கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் கோபமாகத் திட்டவும் செய்வார்கள். அது நியாயமான கோபம். முதலில் ஏதாவது வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள், பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஊர்ச் சதுக்கத்துச் சிலையைப் பார்த்துப் பலர் திடுக்கிடுகிறார்கள். ஸ்பானியச் சிப்பாயின் இதயத்தைப் பிடுங்கி எடுத்த பழங்குடி வீரன் அது. 1816 மார்ச் 12 அன்று ஹும்பாத்தே என்ற இடத்தில் இந்த மக்கள் ஸ்பானியப் படையை வென்றார்கள். அந்த வெற்றியை நினைத்து மார்ச் மாதம் புஹ்யாய் திருவிழா நடக்கிறது. 2014இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இறந்துபோன வீரர்களுக்காகப் பழம், ரொட்டி, மது கட்டிய உயரமான ஏணிப் பந்தலைச் சுற்றி ஆடுவார்கள்.

கோக்கா இலை பற்றி. பொலிவியாவில் சட்டப்படியானது, ஒரு சிறு பை சில பொலிவியானோதான். காம்பைக் கிள்ளிவிட்டு இலைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் அதக்கி, கொஞ்சம் ஊறியதும் சாம்பல் கட்டியில் சிறு துணுக்கு சேர்ப்பார்கள். அப்போதுதான் சாறு இறங்கும். சாம்பல் நேரடியாக ஈறில் பட்டால் புண்ணாகும், இலைக்குள் மடித்து வைக்க வேண்டும். ஓர் இலையைக்கூட நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பையின் மூலையெல்லாம் உதறிப் பார்த்துவிடுங்கள், தேநீர்ப் பைகளும் இதில் சேர்த்தி.

திரும்பும் வண்டிகள் மூன்று மணிக்கு மேல் குறைந்துவிடும். இரண்டரைக்கே நிறுத்தத்தில் நின்றுவிடுவது நல்லது.

மே 27, திங்கள்: பொடோசி சாலை

திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவும் பூட்டிக் கிடக்கும், கிளம்ப ஏற்ற நாள். பொடோசிக்கு 160 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம், முழுக்கத் தார்ச் சாலை. டிக்கெட்டோடு முனைய வரி 2.50க்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும், அது இல்லாமல் வெளிவாசலில் இறக்கி அனுப்புவார்கள். முனையத்தில் யாராவது போலீஸ் என்று சொல்லி டாக்ஸியில் ஏறச் சொன்னால் ஏறவே கூடாது. காவல் நிலையத்துக்கு நடந்தே வருகிறேன் என்று சொன்னால் போலிகள் நகர்ந்துவிடுவார்கள்.

இந்த நாட்டில் பயணத்தைக் கலைக்கும் ஒரே பெரிய விஷயம் "புளோக்கேயோ". கோரிக்கைக்காகக் கற்களையும் டயர்களையும் போட்டுச் சாலையை மறிப்பது. முதல் நாள் மாலையே முனையத்தில் இரண்டு கவுன்டரிலாவது பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். ஒரு கவுன்டரில் சாதாரணமாக டிக்கெட் விற்பார்கள், பக்கத்துக் கவுன்டர் மூடியிருக்கும். அந்த மூடிய கவுன்டரைத்தான் நம்ப வேண்டும். வழியில் மாட்டிக்கொண்டால் "த்ரஸ்போர்தோ" செய்வார்கள்: இந்தப் பக்கப் பேருந்திலிருந்து இறங்கி, மறியலைப் பையோடு நடந்து கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வண்டியில் ஏறுவது. சில நூறு மீட்டராகவும் இருக்கலாம், சில கிலோமீட்டராகவும் இருக்கலாம். மறியல் செய்பவர்களிடம் வணக்கம் சொல்லி, கடந்து போகலாமா என்று கேட்டுவிட்டு நடந்தால் வழி விடுகிறார்கள். படம் எடுக்கக் கூடாது, இருட்டிய பிறகு கடக்கக் கூடாது. இரண்டு லிட்டர் தண்ணீர், ரொட்டி, கழிப்பறைக் காகிதம், கம்பளி உடை நான்கும் கைப்பையில் இருந்தால் பேருந்திலேயே இரவு தங்கினாலும் சமாளிக்கலாம்.

பொடோசி 4,000 மீட்டருக்கு மேல். சுக்ரேயில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்கிய பிறகு ஏறுவதுதான் சரியான வரிசை, சாந்தா குரூஸிலிருந்து நேராகப் போகிறவர்கள் படுத்துவிடுகிறார்கள். முனையத்திலிருந்து மையம் மேட்டுப் பாதை. அங்கே மட்டும் நடக்க வேண்டாம், டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள்.